பவளத்துக்குச் சாயம் போட்டது யார்?

நிறத்தைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பனியன் துணியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தே, "இது நேத்து வந்த லாட் இல்லீங்களே" என்று சொல்லிவிடுகிற ஊர் இது. சலவைப் பட்டறையில் வெளுத்து, சாயப்பட்டறையில் நனைத்து, காம்பாக்டிங் போட்டு... இந்த ஊருக்குச் சோறு போடுவதே நிறம்தான். அப்படிப்பட்ட ஊரில், வீட்டு ஹாலில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிற சிலர் என்னிடம் கேட்கிற கேள்வி மட்டும் எனக்குச் சிரிப்பையும் கவலையையும் சேர்த்தே வரவழைக்கிறது.

"டாக்டர், வாங்கியாந்தப்ப நல்ல ரோஸ் கலருங்க. மூணே மாசத்துல பழுப்பாயிருச்சு. கலர் ஏத்தறதுக்கு ஏதாச்சும் ஊத்தலாமுங்களா?"

இதைப் போய்ச் சித்த வைத்தியரிடம் ஏன் கேட்கிறார்கள்? பவளம் எங்கள் மருந்துச் சரக்கு என்பதால்தான். 'பவளப் பற்பம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சொந்தத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாததா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மருந்துக்கும் மோதிரத்துக்கும் பயன்படுகிற செம்பவளம் வேறு; தொட்டியில் வளர்கிற பவளம் வேறு. செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்வது. அதன் சிவப்பு எலும்பிலேயே ஊறிய சிவப்பு. அதனால்தான் உயிர் போய், அறுத்து, மெருகேற்றி, மோதிரத்தில் பதித்த பிறகும் சிவந்தே இருக்கிறது. கடலில் பாறை கட்டுகிற பவளம் அப்படியல்ல. அதன் எலும்பு வெறும் சுண்ணாம்பு வெள்ளை. அதன் மேல் கண்ணாடிக் காகிதம் போல ஒரு மெல்லிய சதை. நிறம் முழுவதும் அந்தச் சதையில்தான். சதை செத்தால் நிறமும் போச்சு!

எனவே, தொட்டியில் செத்துப்போன பவளத்தை இடித்துப் பற்பம் செய்து சாப்பிடலாமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். (கேட்டிருக்கிறார்கள்!) சுத்தி செய்து, புடம் போட்டு, அளவறிந்து கொடுக்கிற மருந்து பற்பம். தொட்டிக் கழிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம். கலர் ஏற்ற என்ன ஊற்றலாம்? எதுவும் ஊற்றக் கூடாது. பவளத்தின் நிறம் வெளியிலிருந்து ஏற்றுகிற சாயம் அல்ல. நம் முகத்துக் களை மாதிரி, உள்ளே நடப்பது வெளியே தெரிவது. எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இந்த எட்டில் நிறமும் ஒன்று. முகம் வெளுத்து வருகிற பெண்ணுக்கு நான் பவுடர் எழுதிக் கொடுப்பதில்லை. ரத்தம் எவ்வளவு என்று பார்க்கிறேன். பவளத்துக்கும் அதே வழிதான்.

உள்ளே ஒரு குடித்தனம்

பவளம் செடியா, கல்லா, பிராணியா? பிராணி! ஜெல்லி மீனுக்குச் சொந்தக்காரப் பிராணி. பாலிப் என்கிற குட்டி குட்டி உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. இதில் ஆச்சரியம், அந்தப் பாலிப்பின் சதைக்குள்ளேயே இன்னொருவர் குடியிருக்கிறார். ஸூசாந்தெல்லே என்று ஒரு நுண்பாசி. நகத்தளவு இடத்தில் சுமார் 10 லட்சம் பாசிகள் இருக்கும். பாசி வெயிலை வாங்கிச் சர்க்கரை சமைக்கிறது. அதில் பெரும் பங்கை வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இந்த வழியில் கிடைக்கலாம். பதிலுக்குப் பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாகக் கொடுக்கிறது. வாடகை வாங்காத குடித்தனம்.

இந்தப் பாசியின் நிறம் பொன் கலந்த பழுப்பு. ஆக, பவளத்தின் அடிநிறமே பழுப்புதான். ரோஸ், பச்சை, ஊதா எல்லாம் பவளம் தானே செய்துகொள்கிற புரதங்கள். வெளிச்சம் பலமாக அடிக்கிற இடத்தில், உள்ளே இருக்கும் பாசியைக் காப்பாற்றப் பவளம் விரிக்கிற குடை என்று இந்த நிறங்களில் பலவற்றைச் சொல்லலாம். சில புரதங்கள் நீல வெளிச்சத்தை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் அந்த ஜொலிப்பு. வெள்ளை பனியனுக்கு ஆப்டிகல் வொயிட்னர் போடுகிறீர்களே, புற ஊதா விளக்கில் பிடித்தால் பளீரென்று நீலம் அடிக்குமே... அதே தத்துவம்தான்.

இந்த ஒளிரும் புரதங்களுக்குப் பெரிய சரித்திரமே உண்டு. ஜெல்லி மீனில் கண்ட பச்சைப் புரதத்துக்காக ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சென் மூவருக்கும் 2008-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்புப் புரதம் எங்கே கிடைத்தது தெரியுமா? ஆழ்கடலில் இல்லை. மாஸ்கோவில், அலங்காரத் தொட்டிகளில் வளர்ந்த பவள இனங்களில் தேடி எடுத்து 1999-ல் அறிவித்தார்கள். இன்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடங்களில் செல்லுக்கு அடையாளம் வைக்க இவைதான் உதவுகின்றன. வீட்டுத் தொட்டிதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்!

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் தொட்டிக்கு மேல் அடர்நீல விளக்கு மட்டும் போட்டிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் பாதி உயிரோடு இருக்கும் பவளமும் தீபாவளி மத்தாப்பு போலத் தெரியும். ஷேடு ஒப்பிட லைட் பாக்ஸில் விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிற உங்களுக்கா இது தெரியாது? "வெள்ளை லைட்டைப் போடுங்க" என்று கேளுங்கள். போட மறுத்தால் வாங்க மறுத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் நிறம் போய்விட்டது என்று வருகிறவர்களில் சிலருக்கு, அந்த நிறம் முதலிலேயே பவளத்தில் இல்லை; கடை விளக்கில்தான் இருந்தது.

பழுப்பு, வெளிறல், வெள்ளை

மூன்றும் மூன்று நோய். பழுத்தால் பாசி அளவுக்கு மேல் பெருகிவிட்டது என்று பொருள். மீனுக்குத் தீனி அதிகம், தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் அதிகம், வெளிச்சம் குறைவு. பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் ஒரு நாளைக்கு ஐந்து சிட்டிகை ஆகிவிடுகிறது! இதுதான் நம் வீடுகளில் முக்காலே மூணு வீசம் காரணம். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். பழுப்பு உயிருக்கு ஆபத்தில்லை, பார்க்கத்தான் மங்கல். ஆறு வாரம், எட்டு வாரம் பொறுத்தால் தானே தெளியும்.

வெளிறல் இதற்கு நேர் எதிர். சுத்தம் சுத்தம் என்று அளவுக்கு மீறிப் போகிற வீடுகளில் வரும். நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம் என்று டெஸ்ட் கிட்டைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். அது பெருமை இல்லை, பட்டினி! உரமே இல்லாவிட்டால் பாசி எதைக் கொண்டு சமைக்கும்? நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பாஸ்பேட் சுத்தமாக இல்லாமல் நைட்ரேட் மட்டும் ஏறி நின்றால் பவளம் இன்னும் சீக்கிரம் வெளுத்துவிடும். புது எல்.இ.டி. விளக்கு வாங்கிய குஷியில் முதல் நாளே முழு வெளிச்சம் வைப்பதும் வெளிறலுக்குக் காரணம். ஊட்டியிலிருந்து இறங்கிய குழந்தையைச் சித்திரை வெயிலில் நிறுத்துவீர்களா? பாதி வெளிச்சத்தில் ஆரம்பித்து, வாரத்துக்குப் பத்து சதவீதமாக ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். ராத்திரி 12 மணி வரை நீல விளக்கு எரிந்தால் பவளத்துக்கும் கெடுதி, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்கள் தூக்கத்துக்கும் கெடுதி.

மூன்றாவது, பாலாக வெளுப்பது. இதுதான் ஆபத்து. சூடு தாங்காமல் பவளம் தன் பாசியை வெளியே துப்பிவிடுகிறது. சதை கண்ணாடியாகி, உள்ளே இருக்கிற சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. பவளம் இன்னும் சாகவில்லை. ஆனால் பட்டினியில் கிடக்கிறது. சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும். தணியாவிட்டால் அதோடு முடிந்தது. இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? பிளீச்சிங்! திருப்பூரில் தெருவுக்குத் தெரு எழுதி வைத்திருக்கிறோமே, அதே வார்த்தை.

மன்னாரில் நடப்பது

இந்த வெளுப்பு நம் கடலிலேயே நடக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். நான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்தில், கடலிலிருந்து பவளக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோன காலம் முழுசாக முடியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகுதான், அலையைத் தடுக்கிற சுவர் இது என்று ஜனங்களுக்கு உறைத்தது, வெட்டுவது நின்றது. ஆனால் அதற்குள் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

வெட்டுவது நின்றாலும் சூடு நிற்கவில்லை. 1998, 2010, 2016 கோடைகளில் உலகம் முழுக்க அடித்த கடல் வெப்பத்தில் மன்னார்ப் பவளங்களும் வெளுத்தன. 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது. வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும், பவளம் வெளுக்கத் தொடங்கிவிடும். ஒரே ஒரு டிகிரி! தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் சிமென்ட் சட்டங்களில் கட்டி வளர்த்து வருகிறார்கள். அவர்களும் சாயம் எதுவும் ஊற்றுவதில்லை. இடம், தண்ணீர், வெளிச்சம் மூன்றையும் பார்க்கிறார்கள். நிறம் அதுவாக வருகிறது.

"எங்க போர்லயே உப்புத் தண்ணிதானுங்க!"

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் வைத்துப் பழகிய ஊர் நாம். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "எங்கூட்டு போர்ல உப்புத் தண்ணிதான் வருது. அதையே மீன் தொட்டிக்கு ஊத்திக்கலாமுங்களே?"

ஊற்றக் கூடாது அம்மணி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உங்கள் போர்த் தண்ணீர் மீட்டரில் டி.டி.எஸ். 2,000 காட்டினாலும் அது லிட்டருக்கு 2 கிராம்தான். அளவு மட்டுமல்ல, சரக்கும் வேறு. சாயம் ஏற துணியோடு சேர்த்துக் கொட்டிய உப்பு எத்தனை வருஷம் நொய்யலிலும் நிலத்தடியிலும் இறங்கியது என்பது உங்களுக்கே தெரியும். ஒரத்துப்பாளையம் அணையின் கதையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி ஐகோர்ட் போட்ட உத்தரவும் மறக்கக்கூடியதா? அந்தத் தண்ணீரில் பவளம் வளராது.

ஆர்.ஓ. தண்ணீரில், பவளத் தொட்டிக்கென்றே விற்கிற உப்பைக் கரைக்க வேண்டும். 100 லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை முதல் நாலு கிலோ. அடர்த்திமானியில் 1.025 காட்டவேண்டும். சமையல் உப்பு உதவாது. இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: இப்போது வருகிற வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் சில, தண்ணீரில் தாமிரச் சத்து சேர்க்கின்றன. உங்களுக்கு அது சரியாக இருக்கலாம். பவளத்துக்கும் இறாலுக்கும் தாமிரம் விஷம்! செம்புக் குடத்தில் பிடித்து ஊற்றுவதும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தொட்டிக்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள். அதில் சோப்பு படக் கூடாது.

தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் எவாப்பரேட்டர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? வற்றியதற்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். நம் ஊர்க் காற்றில், ஆடி மாதம், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் தொட்டி ஊறுகாய் ஜாடியாகிவிடும்!

புதுத் தொட்டியில் முதல் நாலு முதல் ஆறு வாரம் பவளம் வைக்காதீர்கள். அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல கிருமிகள் குடியேற அவ்வளவு நாள் வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை காரத்தன்மை பாருங்கள். 8, 9 டி.கே.ஹெச். நல்லது. அது எட்டா ஒன்பதா என்பதைவிட, இன்றைக்கு ஏழு நாளைக்குப் பத்து என்று ஆடாமல் இருப்பது முக்கியம். கால்சியம் 400 முதல் 450. மெக்னீசியம் 1,300 பக்கத்தில் இருந்தால் போதும்.

'கலர் பூஸ்டர்' என்று சின்னச் சின்னப் பாட்டில்கள் விற்கிறார்களே? உள்ளே இருப்பது பெரும்பாலும் அயோடின், இரும்பு, அமினோ அமிலம் போன்றவை. தண்ணீரும் வெளிச்சமும் சரியாக இருக்கும் தொட்டியில் இவை கொஞ்சம் உதவலாம். சரியில்லாத தொட்டியில் இவை பாசிக்கு விருந்து. சிலர், "நம்ம மருந்துதானே" என்று மஞ்சள் தூள், வேப்பிலைச் சாறு கொட்டுகிறார்கள். நான் இரண்டையும் தினம் எழுதிக் கொடுக்கிறவன்தான். ஆனால் அது மனிதர்களுக்கு.

இனி சூடு. தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்கவேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை நம் வீட்டு ஹாலில் அது தானாக நடக்காது. நீர்ப்பரப்பின் மேல் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீரும் வேகமாக வற்றும். பெரிய தொட்டிக்குச் சில்லர்தான் வழி. கரன்ட் போனால் விளக்கு அணையட்டும், கவலையில்லை. நீரை அசைக்கிற பம்பு மட்டும் இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். அசையாத தண்ணீரில் பிராணவாயு சில மணி நேரத்தில் குறைந்துவிடும்.

இவ்வளவு செலவும் பாடும் எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் இங்கிலாந்தில் பிளிமத் நகரக் கடல் காட்சியகத்தில் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தொட்டி முன் அமர்ந்து பார்த்தவர்களுக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது இந்த ஊரில் எத்தனை பேருக்குப் பிரஷர் ஏறுகிறது என்பதை நான் அறிவேன்! அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வைப்பவர்கள் சட்டத்தையும் உடம்பையும் பார்த்து வையுங்கள்.

எதை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது

பாறை கட்டும் கடினப் பவளங்கள், கடல் விசிறிகள், நெருப்புப் பவளம், கருப்புப் பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து எடுத்ததை வாங்கினாலோ விற்றாலோ வைத்திருந்தாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிரில்லாத வெள்ளைப் பவளத்துக்கும் இது பொருந்தும். யாத்திரை போன இடத்தில் யாரோ ரகசியமாக நீட்டினால் வாங்கி வந்து ஷோகேஸில் வைக்காதீர்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னால் இறக்குமதி அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டியதில்லீங்க" என்று பதில் வந்தால், வண்டியைத் திருப்புங்கள்.

காகிதம் உள்ள, பண்ணையில் துண்டு போட்டுப் பெருக்கிய காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் புதியவர்களுக்குப் போதும். கடும் வெளிச்சம் கேட்காது, கொஞ்சம் ஏற இறங்க இருந்தாலும் தாங்கும். கூடவே கோமாளி மீன். அதை இனப்பெருக்கம் செய்கிற முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கி, கடலில் பிடிக்காமலே வளர்க்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். வளர்ப்பு மீனாகக் கேட்டு வாங்குங்கள்.

கை ஜாக்கிரதை

ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் விரல் கணுவில் ஒரு முடிச்சோடு வந்தார். வலி அதிகமில்லை. ஒரு மாதமாக ஆறவில்லை. அதற்கு மேலே மணிக்கட்டு வரை இன்னும் இரண்டு முடிச்சு, கோர்த்த மணி போல. "வீட்டுல மீன் தொட்டி இருக்குங்களா?" என்று கேட்டேன். திகைத்துப்போனார். தொட்டித் தண்ணீரில் இருக்கிற மைக்கோபாக்டீரியம் மெரினம் என்கிற கிருமி காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. சின்னக் கீறல் வழியாக நுழைந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். களிம்புக்கோ பத்துக்கோ மசியாது. தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். சதை எடுத்துச் சோதித்து, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் குணமாயிற்று. கையில் வெட்டு, கீறல், சேற்றுப்புண் இருக்கும்போது தொட்டியில் கை விடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எப்போதுமே நீளக் கையுறை போடுங்கள். உப்புத் தண்ணீரில் உள்ள விப்ரியோ வகைக் கிருமி அவர்களை வேகமாகச் சாய்த்துவிடும்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும். கை விடுமுன் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். வயர் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஈ.எல்.சி.பி. இல்லாத வீட்டில் இந்தத் தொட்டியே வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து. 'பட்டன் பாலிப்' என்று அழகாகப் பொத்தான் பொத்தானாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஸோயாந்திட் வகை. இதில் பாலிதோவா என்ற இனத்தில் பாலிடாக்ஸின் இருக்கலாம். இயற்கையில் கண்ட விஷங்களிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. ஹவாய்த் தீவின் ஒரு பாறைக் குட்டையில் எடுத்த உயிரிலிருந்து 1971-ல் பிரித்தார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியம், பொட்டாசியத்தை உள்ளே வெளியே தள்ளுகிற பம்பு ஒன்று இருக்கிறது. இந்த விஷம் அந்தப் பம்பின் கதவை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷைரில் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்து எடுத்த பவளத்தைச் சுத்தம் செய்யப்போய், குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இந்த உயிர்கள் பாறையில் பரவிவிட்டால், "கொதிக்கிற தண்ணி ஊத்தினா செத்துருமுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒருக்காலும் செய்யாதீர்கள்! ஆவியோடு விஷம் மேலேறி மூச்சில் போகும். வெளியே எடுத்து உலர்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் அப்படியே. பாறையைத் தொட வேண்டியிருந்தால் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டு, தண்ணீருக்குள் வைத்தே வேலை செய்யுங்கள். பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். பாத்திரம் கழுவுகிற சிங்க்கில் இதைச் செய்யாதீர்கள்.

தொட்டி வேலை செய்து சில மணி நேரத்தில் வாயில் உலோகச் சுவை, நடுக்கத்தோடு காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசை வலி, கண் சிவப்பு இவற்றில் எது வந்தாலும், வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் இன்னும் நிச்சயமாக, கஷாயம் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். எனக்கும் போன் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து, 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறும் வைரல் காய்ச்சல் என்று நினைத்துவிட இடமுண்டு. அதனால் போகும்போது செல்போனில் அந்தப் பவளத்தின் போட்டோவும், ஒரு துண்டுக் காகிதத்தில் 'பாலிடாக்ஸின்' என்ற ஒரு வார்த்தையும் கொண்டுபோய் டியூட்டி டாக்டர் கையில் கொடுங்கள்.